இருசம்மாளும் சிரிப்புக் காற்றும்

கீரப்பாளையத்துப் பக்கம் நடவு நடக்கும் நாட்களில் இருசம்மாள் போடும் சத்தம் பக்கத்து ஊர் வயலில் இருப்பவர்களையும் நிமிர்ந்து பார்க்க வைக்குமாம். நான் அவளை முதலில் பார்த்தபோது தன் பெயரைச் சொல்லக்கூட அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. கூட வந்தவள்தான் சொன்னாள்.

“பேரு இருசம்மா. வயசு நாப்பதுன்னு எழுதிக்கங்க, கொறச்சி எழுதினாலும் கோவிச்சுக்க மாட்டா. பல்லு. பாத்தாலே தெரியுது, அத வேற நான் சொல்லணுமா?”

1966ஆம் வருடம், புரட்டாசி மாதம். கடலூர் திருப்பாப்புலியூரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் டாக்டர் ஞானசேகரனின் பல் மருத்துவமனை இருந்தது. நான் அங்கே நர்ஸ். என்னிடம் பேசியவள் சைதுன் பீவி, சிதம்பரம் மார்க்கெட்டில் முட்டை விற்பவள். கீரப்பாளையம் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் முட்டை சேர்ப்பவள் என்பதால் இருசம்மாளோடு சிநேகிதம். இரண்டு பேரும் காலை பாசஞ்சரைப் பிடித்துச் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார்கள்.

இருசம்மாளின் இடது கன்னம் கண்ணுக்குக் கீழிருந்து தாடை விளிம்புவரை கெட்டியாக வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். என் ஒரு விரல்தான் உள்ளே போயிற்று. உள்ளே, கீழ்க் கடைவாய்ப் பல் மேல்பாதி உடைந்து வேர் மட்டும் நின்றது. சுற்றிலும் சீழ்.

“இத யாரு ஒடச்சா?”

“சந்தையில குந்திக்கினு பல்லு புடுங்குறானே, அவன்தான்” என்றாள் சைதுன் பீவி. “ஒரே இழுப்புல வந்துடும்னான். பாதி வந்துச்சு. மீதிக்கு அடுத்த வாரம் வான்றான்! இவ அங்கேயே மயக்கம் போட்டு உழுந்துட்டா.”

அதற்குப் பிறகு வேறோர் இடத்தில் மரத்துப் போகும் ஊசி போட்டுப் பிடுங்கப் பார்த்திருக்கிறார்கள். மரத்துப் போகவில்லை. அது அவர்கள் தப்பு இல்லை. பழுத்துச் சீழ் பிடித்த இடத்தில் அந்த ஊசி மருந்து சரியாக வேலை செய்யாது. ஆனால் குறடு பட்ட உடனே உயிர் போகிற மாதிரி வலித்ததில், அதற்கப்புறம் இருசம்மாள் பல் டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவாள் என்றாள் சைதுன் பீவி.

“கடலூர்ல ஒரு டாக்டரு காத்து குடுத்துப் புடுங்குறாருன்னு கேள்விப்பட்டேன். அத சொல்லித்தான் இழுத்துக்கினு வந்தேன். மெய்தானா நர்சம்மா? இல்ல எவனாச்சும் கத கட்டிவுட்டானா?”

மெய்தான் என்றேன்.

டாக்டர் ஞானசேகரன் பினாங்கில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் ரேடியோவும் பீங்கான் கோப்பையும் கொண்டுவருவார்கள். இவர் கப்பலில் ஒரு மயக்க மருந்து இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். சக்கரம் வைத்த ஒரு இரும்புத் தாங்கி. அதில் இரண்டு சிலிண்டர். நீல சிலிண்டரில் நைட்ரஸ் ஆக்சைடு, கறுப்பு சிலிண்டரில் பிராணவாயு. எது எவ்வளவு போகிறது என்று காட்ட இரண்டு கண்ணாடிக் குழாய். அதற்குக் கீழே கால்பந்து அளவில் ஒரு ரப்பர் பை. ஆள் மூச்சு விடும்போது அதுவும் உப்பிச் சுருங்கும். பையிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மட்டும் மூடுகிற ஒரு கறுப்பு ரப்பர் மூடி. வாய் திறந்திருக்கும், டாக்டர் அங்கே வேலை செய்வார். நோயாளி மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். முழுசாகத் தூங்கவைப்பதில்லை. கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவு, வலி எட்ட நிற்கும் அளவு, அவ்வளவுதான் கொடுப்போம்.

கொஞ்ச நேரம் காற்று போனால் நீல சிலிண்டரின் மேல் வேர்க்கும். அப்புறம் வெள்ளையாகப் பனி படியும். கடலூர் வெயிலில், மின்விசிறி சுற்றும் அறைக்குள், ஒரு இரும்பின் மேல் பனி. நோயாளிகளோடு வந்தவர்கள் ஒரு விரலால் தொட்டுப் பார்க்காமல் போனதில்லை.

ஊரார் அதற்குச் சிரிப்புக் காற்று என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லோரும் சிரிப்பதில்லை. முரட்டுப் போலீஸ்காரர் ஒருவர் கண்ணீர் விட்டு அழுதார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு வாத்தியார் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னார், ஒரு தப்புகூட இல்லை. கடைக்காரர் ஒருவர் தன் மச்சானைக் கொன்றுவிட்டதாகச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மச்சான் வெளியே பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காற்றின் போதையில் தோன்றுவது அத்தனையும் நடந்தது மாதிரியே இருக்கும். அதனால்தான் டாக்டர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்: பெண் நோயாளி என்றால் நானும் இருக்க வேண்டும், அவளோடு வந்த பெண் ஒருத்தியும் அறையிலேயே இருக்க வேண்டும்.

எனக்கும் அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. தெரியாத ஒன்றை மற்றவர் மூக்கில் வைப்பது எனக்குப் பழக்கமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டரிடம் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் உதடு மரத்தது. பிறகு விரல் நுனி. மின்விசிறிச் சத்தம் தூரப் போய்க் கிட்டே வந்தது. திடீரென்று உலகத்திலேயே பெரிய உண்மை ஒன்று எனக்குப் பிடிபட்டுவிட்டது போல இருந்தது. மறந்துவிடுமே என்று உடனே டாக்டரிடம் சொன்னேன். பிறகு அவரிடம் கேட்டேன், நான் சொன்னது என்ன என்று. “ஜன்னலுக்கு நாலு மூலை இருக்குன்னு சொன்னீங்க சிஸ்டர்” என்றார்.

முதல் நாள் இருசம்மாளுக்குப் பெனிசிலின் போட்டு அனுப்பினோம். வீக்கம் கொஞ்சம் வற்றினால்தான் வாய் திறக்கும். ஊசியை ஊரிலேயே தொடர்ந்து போட்டுக்கொண்டு அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னேன். இரண்டு விஷயம் திருப்பித் திருப்பிச் சொன்னேன்: வயிற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது, மூக்குத்தியைக் கழற்றிவிட்டு வர வேண்டும். அவள் மூக்கில் இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு பக்கம் ஒற்றைக் கல், இன்னொரு பக்கம் ஏழு கல் பேசரி. எங்கள் ரப்பர் மூடி வெள்ளைக்காரர் மூக்கைப் பார்த்துச் செய்தது. அதன் விளிம்பு சரியாகப் பேசரியின் மேல் வந்து உட்காரும்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். வீக்கம் பாதியாகியிருந்தது. வாய் இரண்டு விரல் அளவு திறந்தது, பேச்சும் வந்தது.

“ஏதாவது சாப்ட்டீங்களா?”

“இல்ல நர்சம்மா. சோறு துன்னல.”

சைதுன் பீவி மேலே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. “சோறு இல்லைன்னா வேற என்ன?”

“கூழுதான். ஒரு சொம்பு.”

“எப்ப?”

“ஸ்டேஷனுக்கு வர்றப்ப.”

வயிற்றில் கூழோடு காற்றைக் கொடுத்தால் வாந்தி வரும். அது மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆள் பிழைப்பது கஷ்டம். மத்தியானம் தாண்டும்வரை உட்கார வேண்டும் என்று பெஞ்சைக் காட்டினேன். பிறகு மூக்கைப் பார்த்தேன். இரண்டு மூக்குத்தியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

“இது?”

“இத மட்டும் கழட்ட மாட்டேன்.” வீங்கிய கன்னத்தோடு தெளிவாகச் சொன்னாள். “அத வெச்சுக்கினு எப்படியாச்சும் பாருங்க. முடியலன்னா வேற ஒண்ணும் செய்ய வாணாம், நான் ஊருக்குப் போறேன்.”

அவள் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனபோது (குடிக்கக் கூடாது, வாய் மட்டும் கொப்புளிக்கலாம் என்று அனுப்பியிருந்தேன்) சைதுன் பீவி எனக்கு விவரம் சொன்னாள்.

இருசம்மாளின் கணவன் கண்ணாயிரம் பல வருஷம் முன்பு அந்தமானுக்கு மரம் வெட்டும் வேலைக்குப் போனவன். முதலில் யார் மூலமாவது செய்தி வரும். அப்புறம் நின்றுவிட்டது. பிள்ளை இல்லை. மாமியாரையும் வைத்துக்கொண்டு இவள்தான் குடும்பம் நடத்துகிறாள். இருபது முப்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு வயல் வயலாக நடவுக்குப் போகிற கூட்டத்துக்கு இவள்தான் தலைவி.

“அவுங்க பக்கத்துல முதல் நாத்த சுமங்கலிதான் நடணும் நர்சம்மா. நம்ம இருசு கை ராசியான கைன்னு பேரு. நெலக்காரங்க இவ கைக்காவத்தான் கூப்புடறாங்க. இவள கூப்புட்டா கூட்டம் மொத்தமும் பின்னாலயே வரும். அவுங்க ஜனத்துல புருசன் செத்தாத்தான் மூக்குத்திய எடுப்பாங்க. மூக்கு வெறுமனே இருக்குன்னு ஒருத்தி பாத்தா போதும், முதல் நாத்துக்கு வேற ஆளத் தேடிடுவாங்க. வீராணம் ஏரியிலேர்ந்து தண்ணி வுட்டாச்சு. நாத்து வேற பறிக்கத் தயாரா நிக்குது.”

“பல்லு இப்படியே இருந்தா சீழ் கழுத்துக்கு எறங்கும்” என்றேன். “அப்புறம் மூச்சு அடைக்கும்.”

“அத அவகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொன்னா? நான் என்ன அவ மாமியாளா?”

டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஈரப் பஞ்சை மூக்குத்தியைச் சுற்றி வைத்து மூடியை அழுத்திப் பார்க்கலாம் என்றார். ஒற்றைக் கல் போட்டவர்களுக்கு அப்படிச் செய்திருக்கிறோம். ஏழு கல் பேசரிக்குச் செய்ததில்லை. செய்து பார்ப்போமே என்று எனக்கும் தோன்றியது.

வெயில் சாயத் தொடங்கியதும் அவளை நாற்காலியில் உட்கார வைத்தோம். சைதுன் பீவி காலடியில் நின்றாள். தெருப் புழுதி வராமல் ஜன்னலைச் சாத்தியிருந்தது. பஞ்சை வைத்து மூடியை அழுத்திப் பிடித்தேன். டாக்டர் திருகைத் திறந்தார். பை உப்பவில்லை. பேசரிப் பக்கம் ‘உஸ்’ஸென்று சத்தம். இன்னும் அழுத்தினேன். டாக்டர் இன்னும் திறந்தார். நீல சிலிண்டரில் பனி படிந்தது. காற்று இருசம்மாள் மூக்குக்குள் பாதி, எங்கள் முகத்தில் பாதி போனது.

டாக்டர் ஞானசேகரன் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. நோயாளி மேல் குனிந்து அந்த ஒழுகலைத் தேடிக்கொண்டிருந்தவர், திடீரென்று தோள் குலுங்க ஆரம்பித்தார். “சிஸ்டர், இந்த மூக்கு…” என்றார். அதற்கு மேல் வரவில்லை. அவரைப் பார்த்து சைதுன் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அல்லா, டாக்டருக்குப் பல்லு புடுங்குறாங்களா?” என்றாள். எனக்கும் உதடு மரத்தது. மூடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஜன்னல் கதவைத் தள்ளினேன்.

அப்போதுதான் இருசம்மாள் பேசினாள். பாதிக் காற்றுதான் போயிருந்தது. வாய் மூடாமல் பல்லுக்கிடையில் செருகும் ரப்பர் முட்டு இன்னும் வைக்கவில்லை. கண் திறந்தே இருந்தது. குரல் அரட்டை அடிக்கிற மாதிரி, ரொம்ப சாதாரணமாக இருந்தது.

“அந்த ஆளு வர மாட்டாரு. மரம் சாஞ்சு மேல உழுந்துடுச்சாம். பரங்கிப்பேட்டைக்காரரு வந்து சொல்லிட்டுத்தான் போனாரு.” ஒரு சின்னச் சிரிப்பு. “கழட்டுங்க. ரெண்டையும் கழட்டுங்க. மூக்கு கனக்குது.”

சைதுன் பீவியின் சிரிப்பு அப்படியே நின்றது.

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சொல்லிட்டாங்களே. கழட்டிடுங்க சிஸ்டர். சட்டுனு முடிச்சுடலாம்.” அவர் கை மூக்குத்திக்குப் போயிற்று. நான் குறுக்கே கையை வைத்தேன்.

“வேணாம் டாக்டர்.”

“ஏன்? அவங்களேதான சொல்றாங்க.”

“காத்துக்கு முன்னால கழட்ட மாட்டேன்னு சொன்னாங்க. காத்துக்கு உள்ள சொல்றது சம்மதம் ஆகாது. அந்தக் கடைக்காரர் மச்சானக் கொன்னேன்னாரே, போலீஸையா கூப்பிட்டோம்?”

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தலை இன்னும் தெளியவில்லை. பிறகு நீலத்தை மூடிக் கறுப்பை முழுசாகத் திறந்தார்.

பிராணவாயு போனால் தெளிய அதிக நேரம் ஆகாது. இருசம்மாள் கண்ணைக் கொட்டினாள். நாக்கால் பல்லைத் துழாவினாள். முகம் சுருங்கியது.

“இருக்கே! இன்னும் புடுங்கலியா?”

“இல்ல. காத்து ஒழுகிடுச்சு.”

“சிரிச்சனா? யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சு.”

“டாக்டர் சிரிச்சாரு” என்றேன். டாக்டர் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

நாற்காலியில் ஒருவர் சொன்னதை வெளியே சொல்வதில்லை என்பது எங்கள் பழக்கம். சொன்னவரிடமே சொல்லலாமா என்பதற்கு யாரும் எனக்கு விதி சொல்லித் தரவில்லை. ஆனால் அந்த அறையில் இன்னொருத்தியும் கேட்டிருந்தாள். தான் என்ன சொன்னோம் என்பது தனக்குத் தெரியாமல், மற்றவர்களுக்குத் தெரிந்த நிலையில் ஒருத்தியை ரயிலேற்றி அனுப்புவது சரியில்லை என்று முடிவு செய்தேன். அவள் சொன்னதை, சொன்ன வார்த்தைகளிலேயே, அவளிடம் சொன்னேன். காற்றுக்குள் சொல்வதெல்லாம் நடந்ததாக இருக்க வேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்படி ஒரு வழி அவளுக்கு வேண்டுமானால் இருக்கட்டும் என்றுதான்.

இருசம்மாள் என்னைப் பார்க்கவில்லை. சைதுன் பீவியைப் பார்த்தாள்.

“நீயும் கேட்டியா?”

“கால்மாட்டுல நின்னா காதுல உழாதா?”

“மார்க்கெட்டுல போயி…”

“முட்டை விக்கவே எனக்கு நேரம் பத்தல. உன் கதைய வேற எங்க விக்கிறது?” சைதுன் பீவிக்குக் குரல் ஏறியது. “ஏன்டி இருசு, வாரத்துக்கு நாலு தடவ உன் வூட்டு வாசல்ல குந்துறேன். ஒரு வார்த்த சொன்னியா? என்ன ஆளுடி நீ?”

இருசம்மாள் என் பக்கம் திரும்பி, “நெசந்தான் நர்சம்மா” என்றாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், நடவு நேரத்தில், அந்தமானிலிருந்து திரும்பிய பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் தேடி வந்திருக்கிறார். வயல் வரப்பில் வைத்தே சொல்லியிருக்கிறார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் முப்பது பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். யார் வந்தது என்று ஒருத்தி கேட்டாள். வழி கேட்டார் என்று சொல்லிவிட்டுத் தானும் குனிந்து நடத் தொடங்கியிருக்கிறாள்.

“அன்னிக்கு சொல்லியிருந்தா அந்த வயல அப்பவே அபசகுனம்னு வுட்டுருப்பாங்க. நடவு முடியட்டும்னு நெனச்சேன். முடிஞ்சதும் அறுப்பு முடியட்டும்னு நெனச்சேன். அப்புறம் மாமியாக் கெழவிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு. அப்படியே போயிடுச்சு.” பிறகு என்னைப் பார்த்தாள். “நாந்தான் கழட்டச் சொன்னனே, நீங்க ஏன் கழட்டல?”

“நீங்க தெளிவா இருக்கறப்ப சொன்னாத்தான் நான் கழட்டுவேன்.”

டாக்டர் வந்தார். முகம் பழையபடி ஆகியிருந்தது. சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். “இன்னும் ஒரு ஆளுக்குத்தான் வரும். மறுபடியும் ஒழுகினா இன்னிக்கு முடியாது. அடுத்த சிலிண்டர் மெட்ராஸ்லேர்ந்து எப்ப வரும்னு எனக்கே தெரியல” என்றார். பிறகு அவளிடம், “பல்ல இப்படியே விட முடியாதும்மா. விட்டா கழுத்துல எறங்கிடும். காத்து வேணாம்னா ஊசியப் போட்டு இப்பவே எடுத்துப் பாக்கறேன். ஆனா வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன்” என்றார்.

வலிக்கும் என்றதும் அவள் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு இருசம்மாள் இரண்டு கையையும் மூக்குக்குக் கொண்டுபோனாள்.

ஒற்றைக் கல் வந்துவிட்டது. பேசரியின் திருகாணி அசையவில்லை. கல்யாணத்துக்குப் போட்டது, ஒரு தடவைகூடக் கழற்றியதில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, உள்பக்கம் இடுக்கியால் பிடித்துக்கொண்டு நான் வெளியே திருகினேன். “வலிக்குதா?” என்றேன். “பல்லுக்கு முன்னால இது ஒரு வலியா?” என்றாள். வந்ததும் இரண்டையும் கழுவி ஒரு சின்ன எனாமல் தட்டில் வைத்தேன்.

ரப்பர் மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. பை உப்பியது, சுருங்கியது. சத்தமே இல்லை. டாக்டர் பக்கத்தில் குனிந்து, “இருசம்மா, வலது கையத் தூக்குங்க” என்றார். தூக்கினாள். “எறக்குங்க.” மெதுவாக இறக்கினாள். இறுகியிருந்த தாடை தானாகத் தளர்ந்து, நான் அந்த ரப்பர் முட்டு ஒன்றைச் செருக இடம் கொடுத்தது. வேர் இரண்டு துண்டாக வந்தது. பின்னாலேயே சீழ் வந்தது. நாடி ஒரே சீராக ஓடியது. இந்த முறை முட்டு இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசைதான்.

தெளிந்ததும் கேட்டேன், எப்படி இருந்தது என்று. நான் எல்லோரிடமும் கேட்பது வழக்கம். ஒருத்தர் சொன்ன மாதிரி இன்னொருத்தர் சொன்னதில்லை.

பஞ்சைக் கடித்தபடியே யோசித்துச் சொன்னாள்: “புடுங்குறது தெரிஞ்சுது. ஆனா பக்கத்து வூட்டுக்காரி பல்லப் புடுங்குற மாதிரி இருந்துச்சு.”

எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். எனாமல் தட்டை நீட்டினேன். மூக்குத்திகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“போட்டுக்கடி” என்றாள் சைதுன் பீவி. “பாசஞ்சர்ல நம்ம பக்கத்து ஜனம் பாதி இருக்கும். நான் ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் பாக்கல. சத்தியம்.”

இருசம்மாள் முந்தானை நுனியில் இரண்டையும் முடிந்துகொண்டாள். போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. வாயில் பஞ்சு இருக்கிற ஆளிடம் கேள்வி கேட்கக் கூடாது. ஒரு வாரத்தில் வந்து காட்டச் சொல்லி அனுப்பினேன்.

அவள் வரவில்லை. ஒரு வாரம் போய் இரண்டு வாரம் ஆயிற்று. புண் ஆறியதா, எலும்பு ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா என்று தெரியவில்லை. சிதம்பரத்தில் என் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் மார்க்கெட்டுக்கும் போனேன். முட்டைக் கூடைகளுக்கு நடுவே சைதுன் பீவி இருந்தாள்.

“நர்சம்மா! நான் வாயே தொறக்கல, கேட்டுக்கங்க! அவளே அன்னிக்கு வூட்டுக்குப் போனதும் மாமியாகிட்ட சொல்லிட்டா. கெழவி ஒப்பாரி வெச்சா, தெருவே கூடிடுச்சு. ரெண்டு வருசமா மறச்சியேன்னு கொழுந்தன் சபாபதி குதிச்சான். ‘ரெண்டு வருசமா உங்கம்மாவுக்கு நீயா சோறு போட்ட?’ன்னு கேட்டா பாருங்க, அவன் அந்தாண்ட போயிட்டான்.”

“நடவு?”

“அத ஏன் கேக்கறீங்க. மூணு நெலக்காரங்க வாணாம்னுட்டாங்க. ரெண்டு வருசமா எங்க வயல்ல முதல் நாத்த வெச்சுட்டாளேன்னு ஒருத்தரு ஜாஸ்தி கத்தினாரு. அந்த ரெண்டு வருசமும் அவரு களத்துல நெல்லு எப்படின்னு நான் கேட்டேன். போயிப் பாருங்க. இன்னிக்கு கீரப்பாளையம் ரோட்டோரந்தான் நடறா.”

பஸ்ஸில் போய் இறங்கினேன். ரோட்டை ஒட்டிய வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். இருசம்மாள் வரப்பில் நின்று நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தாள். கன்னம் வற்றிச் சமமாகியிருந்தது. மூக்கு வெறுமையாக இருந்தது, மூக்குத்தி இருந்த இடம் மட்டும் சற்று வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துச் சேற்றுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள்.

“வாயத் தொறங்க” என்றேன்.

வரப்பிலேயே திறந்து காட்டினாள். மூன்று விரல் அளவு திறந்தது. பள்ளம் சுத்தமாக, சிவப்பாக, மூடிக்கொண்டு வந்தது. உப்புத் தண்ணீர் கொப்புளிக்கிறீர்களா என்றேன். கொப்புளிப்பதாகச் சொன்னாள், நான் நம்பினேன்.

“இந்த வயக்காரரு வாணாம்னு சொல்லலியா?”

“மொதல்ல சொன்னாரு. அப்புறம் நாத்து முத்துது, ஆளு கெடைக்கல. கூட்டத்துல பாதி பேரு இருசு இல்லாம வர மாட்டோம்னுட்டாளுங்க. மீதி பேரு போவலாம்னுதான் சொன்னாளுங்க, ஆனா யாரு முன்னால போறதுன்னு அவளுங்களுக்குள்ளயே சண்ட. கடைசில வரப்புல நின்னு வேல வாங்கிக்க, முதல் நாத்துல மட்டும் கை வெக்காதன்னாரு.”

“அப்ப முதல் நாத்த யார் வெச்சா?”

வரிசையில் ஓரமாக இருந்த இளம் பெண்ணைக் காட்டினாள். “மலர்க்கொடி. போன வருசம் கல்யாணம் ஆனவ. கிழக்கப் பாத்து நின்னு, சாமி கும்புட்டு, எல்லாம் மொறையாத்தான் வெச்சா. ஆனா கோணலா வெச்சா. நான் எறங்கிப் போயி நிமுத்தி வெச்சேன்.”

“அவர் பாக்கலியா?”

“பாத்தாரு. கை வெக்காதன்னனேன்னாரு. கோணலா வுட்டா மொத்த வரிசையும் கோணும், அத நீங்க வந்து நிமுத்துறீங்களான்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“வேட்டி நனைஞ்சுடும்னு நின்னுட்டாரு” என்று சொல்லிவிட்டு, நடுவரிசையில் யாரோ நெருக்கமாக நடுவதைப் பார்த்துச் சேற்றில் இறங்கினாள்.